தோளிலிருந்து விலகிய கை

போவன்பள்ளி மொத்தக் காய்கறிச் சந்தை. காலை எட்டு மணி. வெங்காயக் கடை நடத்தும் செல்வியக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ரயில்வே பட்டறை வேலைக்காக வேலூரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் அவருடையது.

ஓட்டுக் கேட்டு ஒரு வேட்பாளர் வருகிறார். அக்கா கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும் கூலியாள் சலீமின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்.

"உன் ஓட்டு எனக்குத்தானே?" என்று இந்தியில் கேட்கிறார்.

"எனக்கு ஓட்டு இல்லை சார். பர்மாவிலிருந்து தப்பி வந்தவன்," என்கிறார் சலீம்.

கை சட்டென்று விலகுகிறது. "அந்தப் படத்தை அழி," என்று கேமராக்காரரிடம் சொல்லிவிட்டு, வேட்பாளர் செல்வியக்காவிடம் திரும்புகிறார். "ஜெயிச்சதும் இவங்களைத்தான் முதல்ல வெளியேத்துவேன். நீங்க இப்பவே வேலையை விட்டு அனுப்பிடுங்க."

"அங்க இவர் வீட்டையே கொளுத்திட்டாங்க. எங்க போவாரு?" என்கிறார் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "மனித உரிமைன்னு ஒண்ணு இருக்கே சார்?" என்கிறேன்.

"அது நம்ம மனுஷங்களுக்கு!" என்று அவர் சிரிக்கிறார். கூட வந்தவர்கள் கைதட்டுகிறார்கள். கைதட்ட இதில் என்ன இருக்கிறது?

வேட்பாளர் நீட்டிய துண்டுப் பிரசுரத்தைச் செல்வியக்கா அவர் கையிலேயே திருப்பித் திணிக்கிறார். "நக்கோ சார், வேண்டாம். எனக்கு ஓட்டு இருக்கு. அது உங்களுக்கு இல்ல."

கூட்டம் அடுத்த கடைக்கு நகர்கிறது. சலீம் தலைகுனிந்து நிற்கிறார். தப்பு செய்தவர் போல, மெதுவாகக் கேட்கிறார்:

"அக்கா, நாளைக்கு நான் வரலாமா?"