சுற்றி வந்த காகங்கள்

சேலையூரில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ‘கையறுநிலை என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு ஒரு மாணவி, ‘செத்துப்போனவங்களுக்கு எதுவும் செய்ய முடியாம சுத்திச் சுத்தி வருவது’ என்று எழுதியிருந்தாள். தலைவன் இறந்தபின் வருந்திப் பாடுவது என்றல்லவா நடத்தினேன்? எரிச்சலில் சைபர் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே ‘டமார்’ என்றது. மின்விசிறி நின்றது. வாசலுக்கு ஓடினேன். டிரான்ஸ்ஃபார்மரில் அடிபட்ட காகம் ஒன்று தெருவில் கிடந்தது. அதற்கு மேலே ஏகப்பட்ட காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. லைன்மேன் வந்தும் மேலே ஏறவில்லை.

“என்ன அண்ணா, சும்மா நிக்கிறீங்க? எனக்கு வேலை கிடக்கு.”

“இப்ப ஏறுனா தலையிலயே கொத்தும் டீச்சர். அதுவுமில்லாம, பாவம், சொந்தக்காரங்கல்லாம் வந்துகினு கீறாங்க. கொஞ்ச நேரம் அழுதுட்டுப் போவட்டுமே.”

நானும் நின்றேன். காகங்கள் கீழே இறங்கும், கிட்டே வரும், தொடாமல் எழும்பி மறுபடி சுற்றும். பதினைந்து வருடமாக நடத்தும் பாடத்தை அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே போய் சைபரை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன்.

மறுநாள் அந்த மாணவியிடம் தாளைக் கொடுக்கும்போதுதான், இவள் யாருக்காக அப்படிச் சுற்றி வந்திருப்பாள் என்று தோன்றியது. அவள் தலையைத் தடவிக்கொடுத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.