திங்கள், வியாழன் நோன்பு

சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் நான்கு மாதத்திலேயே நான் உப்பிப் போனேன். மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை சோறு வாங்குவேன். சாயங்காலம் அறைத் தோழியோடு கேட்டுக்கு வெளியே பரோட்டா. திரும்பி வந்து, படிக்கிறேன் என்ற பேரில் ஒரு பாக்கெட் மிக்சர். நடந்து போகிற தூரத்துக்கும் ஷேர் ஆட்டோ. உடம்பு கேட்டதை எல்லாம் கொடுத்துவிட்டு, அந்த உடம்பின் மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

விடுமுறைக்குக் கடலூர் போனேன். திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவிலேயே பெரியம்மா வீடு. என்னைப் பார்த்ததும், "என்னாடி, உன்ன படிக்க அனுப்புனாங்களா, திங்க அனுப்புனாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

காலையில் எழுந்து நடந்திருக்கலாம். பரோட்டாவை விட்டிருக்கலாம். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? திங்கள், வியாழன் நோன்பு பிடிக்க ஆரம்பித்தேன். ரமலான் மாதம் இல்லாதபோதும், விருப்பப்பட்டவர்கள் பிடிக்கிற நோன்பு அது. ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். விடிவதற்கு முன் தண்ணீர் மட்டும் குடிப்பேன். பொழுது சாய்ந்து நோன்பு திறக்க இரண்டு பேரீச்சம்பழம், ஒரு டீ. ராத்திரிச் சாப்பாடு கிடையாது. மறுநாள் மருந்துக்கடை எடை மெஷினில் ஏறி நிற்பேன். எதற்காக நோன்பு பிடிக்கிறோம் என்று மனசில் வைக்கிற நிய்யத்துதான் முக்கியம் என்று சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்திருந்தார்கள். என் நிய்யத்து அந்த முள் எங்கே நிற்கிறது என்பதில் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை மதியம் அம்மா போனில், "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார்.

"நோன்பும்மா" என்று வாயில் வந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ். ஆஸ்டலுக்குப் போய் புள்ள மாறிடுமோன்னு பயந்துகினே இருந்தேன்" என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். வேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டியவர். அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது பெரியம்மா கூப்பிட்டார். "அம்மா அடுப்பங்கரையில மயங்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரில சேத்துட்டோம். இப்ப கண்ணு முழிச்சிட்டா, பயப்படாத, வா." கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து, தெரிந்த துஆவை எல்லாம் ஓதினேன். அன்றைக்கும் நான் வெறும் வயிறு.

அம்மாவின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. "மாத்திரையயும் போட்டுகினு நோன்பும் புடிச்சா சக்கர இறங்காதான்னு டாக்டர் கத்திட்டுப் போறாரு. நாலு வாரமா புடிக்கிறாளாம். எங்க யாருகிட்டயும் மூச்சு விடல" என்றார் பெரியம்மா.

"அது அங்க தனியா பட்டினி கெடக்குது. நான் இங்க உக்காந்து தின்னுகினு இருக்கவா?" என்றார் அம்மா.

பெரியம்மா சாப்பாடு வாங்கக் கீழே இறங்கினார். கதவு மூடியதும் சொல்லிவிட்டேன். "அம்மா, நான் புடிச்சது நோன்பே இல்லம்மா. ஒடம்பு கொறையறதுக்குத்தான் புடிச்சேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"ஒவ்வொரு நோன்பு தெறக்கும்போதும் உனக்குத்தான் துஆ கேட்டேன். எம் புள்ள ஒடம்புக்கு எந்தக் கொறையும் வரக்கூடாதுன்னு" என்றார்.

பெரியம்மா இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். "மொதல்ல புள்ளைக்குக் குடு. அது திங்கிறத நான் பாக்கணும்" என்றார் அம்மா. அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து தின்றேன். ஒவ்வொரு வாய்க்கும் அவர் கண் என் முகத்திலேயே இருந்தது. மூன்றாவது இட்லியைப் பிய்த்தபோது, இரண்டோடு நிறுத்தியிருக்கலாமே என்று தோன்றியது. ஊசி குத்திய கையை என் மடியில் வைத்துக்கொண்டு அம்மா படுத்திருக்கிறார், எனக்கு அப்போதும் அப்படித்தான் தோன்றியது. அன்றுதான் என்னைக் கண்டு நானே பயந்தேன்.