சனிக்கிழமைக்குள் சமாதானம்

ஜெனிலா டீச்சருக்குப் பள்ளியில் 'வெட்டுக்கத்தி' என்று பெயர். கல்யாண வீட்டில் சோறு வேகவில்லை என்றால் பந்தியிலேயே சொல்லிவிடுகிறவள். நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு திருச்சபைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறாள். தலைமையாசிரியர் ஏசுஅடிமை அவள் புருஷனுக்குப் பெரியப்பா மகன். வீட்டில் அத்தான், பள்ளியில் சார்.

எட்டாம் வகுப்பு நந்தனா ஒரு வாரமாக வரவில்லை. ஜெனிலா கீரிப்பாறைக்கு பஸ் ஏறிப் போனாள். பிளஸ் டூ ஜெரிஷ் மாடிப்படியில் மறித்து மேலே கை வைக்கிறான், கூட நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று பிள்ளை அழாமல் சொன்னது. இனிப் படிக்க வரமாட்டேன் என்றும் சொன்னது.

ரப்பர் பால் வெட்டும் அதன் அம்மா சுனிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போலீசுன்னா ஊரு சிரிக்கும் டீச்சர். எம் பிள்ளையத்தான் பழி சொல்லுவாவ."

"சொல்லத்தான் செய்வாவ. பிள்ளை படிக்கணுமா வேண்டாமா?"

சாரிடம் அன்றே சொன்னாள். "பாப்போம்" என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை அறைக்குக் கூப்பிட்டார். ஜெரிஷின் அப்பா செல்வதாஸ், சபைக் கமிட்டிக்காரர், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து, டீச்சர். மனத்தாங்கலோட யாரும் அப்பம் வாங்கப்படாது. நாளைக்கு அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. பயல் மன்னிப்புக் கேப்பான். ஜெபம் பண்ணி முடிச்சிருவோம்," என்றார் சார்.

அந்த அறையில் எல்லா வழக்கும் அப்படித்தான் முடியும். அடித்தவனும் அடிபட்டவனும் கை கொடுப்பார்கள். ஜெபம், டீ, நேந்திரங்காய் சிப்ஸ். சிப்ஸை அடித்தவன்தான் நன்றாகத் தின்பான்.

"சுனிதா முத்தாரம்மன் கோயிலுக்குப் போறவ. இவரு மகன் அப்பம் வாங்கதுக்கு அவ பிள்ளை மன்னிக்கணுமா?"

"வாய அடக்குட்டி," என்றார் செல்வதாஸ். "பய ஏதோ விளையாட்டுக்குச் செஞ்சான்."

"ஒம்ம மகளை எவனாவது மறிச்சா அதுவும் விளையாட்டுதானா?"

சார் எழுந்து கதவைச் சாத்தினார். "ஏட்டி, குடும்பத்த நினைச்சுப் பேசு."

"தெரிஞ்சவங்க போலீசுல சொல்லணும்னு போக்சோ சட்டத்துல இருக்கு, அத்தான். மறைச்சா நமக்கும் கேசு. காலையிலயே நான் மகளிர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாச்சு. பள்ளிக்கூடத்துல இருந்து ஏன் சொல்லலன்னு கேப்பாவ. என்ன சொல்லப் போறிய?"

செல்வதாஸ் காலைக் கீழே இறக்கினார். சார் போனை எடுத்து, ஸ்டேஷனுக்கு அவரே புகார் சொன்னார். தான் தப்பிக்க வழிகாட்டியவளை அதற்குப்பின் அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை போலீஸ் வந்தது. ஜெரிஷின் வழக்கு சிறார் நீதி வாரியத்துக்குப் போனது. இனிப் பள்ளிக்கு வரக்கூடாது என்று அவனை நிறுத்தினார்கள்.

ஞாயிறன்று திருவிருந்துக்கு ஜெனிலா முழங்கால் போட்டதும் பக்கத்துப் பெண்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். மாமியார் மறுமுனையில் முழங்கால் போட்டாள். "சொந்தச் சபைப் பயலக் கோர்ட்டுக்கு இழுத்தவ," என்றாள் கமிட்டிக்காரர் மனைவி, காதில் விழட்டும் என்றே. ஜெனிலா அப்பத்தை வாங்கி மென்றுவிட்டு எழுந்தாள். வீட்டில் மாமியார் அவளுக்கு மட்டும் சோறு போடவில்லை. அவளே போட்டுச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை நந்தனா வந்தது. வகுப்பு வாசலில் நின்றது. உள்ளே தலைகள் திரும்பின. பின்பெஞ்சில் ஒரு குரல்: "போலீஸ்காரி வந்தாச்சு."

பிள்ளை ஒரு கால் பின்னே வைத்தது.

"யாருலே அது? எழும்பு," என்றாள் ஜெனிலா. யாரும் எழும்பவில்லை. "எழும்ப தைரியமில்லாதவன் வாயத் திறக்கப்படாது. ஏட்டி நந்தனா, அங்க என்ன நிப்பு? ரெண்டு பாடம் போயாச்சு. உள்ள வந்து நோட்ட எடு."

பிள்ளை உள்ளே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தது.