சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு ஜேர்மன் அதிகாரி

மகளே, நீ எட்டாம் வகுப்பில் படித்தபோது நடந்தது இது. தம்பிக்கு அப்போது பகிடி விட்டுச் சிரிக்க மட்டுந்தான் தெரியும். அவனும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

சரித்திரப் பாடத்துக்கு யாராவது ஒருவரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். நீ ஒரு ஜேர்மன் இராணுவ அதிகாரியைத் தெரிவு செய்தாய். இரண்டாம் உலகப்போரில் தன் நாட்டுச் சர்வாதிகாரியைக் கொல்லத் திட்டம் போட்டவர்களோடு சேர்ந்து, பிடிபட்டு, உயிரை விட்டவர். சீருடையோடு இருந்த அவர் படத்தை கனடாவில், மார்க்கம் நகரத்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டினாய்.

உன் அம்மா அதைக் கழற்றிக் குப்புற வைத்துவிட்டார்.

“ஆமிக்காரன்ர படத்தைப் பாத்துக்கொண்டு என்னால சோறு தின்னேலாது.”

“இவர் நல்ல ஆமி, அம்மா.”

“அப்பிடியும் ஒரு ஆமி இருக்கே?”

“அக்காவுக்கு அவரில க்ரஷ்,” என்றான் தம்பி. நீ அவனுக்குக் கரண்டியை ஓங்கினாய்.

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போகும்போது ஆமிக் காவலரணுக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனவர் அவர். இங்கே கடைவாசலில் நிற்கும் காவலாளியைக் கண்டாலும் அவர் கை தானாகக் கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடும்.

உனக்கோ உன் பேச்சை அம்மா கேட்டே ஆகவேண்டும். அம்மா கேட்காவிட்டால் வகுப்பிலும் பேசமாட்டேன் என்று அழுதாய். உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை.

கடைசியில் அம்மாவே அடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “உவன் முதல்ல அந்தச் சர்வாதிகாரிக்குத்தானே சண்டை பிடிச்சவன்?”

நீ கண்ணைத் துடைத்தாய். “ஓம். அதை நான் எழுதேல்லை.”

“ஏன்?”

“எழுதினா வகுப்பில ஒருத்தருக்கும் அவரைப் பிடிக்காது.”

“அதையும் எழுது பிள்ளை. அப்பதான் நான் கேப்பன்.”

நீ அங்கேயே நின்றபடி எழுதினாய். மற்ற நாடுகளுக்குள் படையோடு போனது, கண்ணெதிரே நடந்த கொடுமைகளுக்குப் பிறகும் கனகாலம் பேசாமல் இருந்தது, பிந்தித்தான் எதிர்த்து நின்றது எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டாய். பிறகு வாசித்தாய்.

“பெண்சாதி பிள்ளையள்?” என்றார் அம்மா.

“மனிசியை மறியலில போட்டுப் பூட்டினவை. பிள்ளையளைப் பிரிச்சுக் கொண்டுபோனவை. சண்டை முடிஞ்ச பிறகுதான் சேந்தவை.”

அம்மா கதிரையை இழுத்து உனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“அந்த மனிசியையும் பிள்ளையளையும் விட்டிட்டியே. அதையும் சேத்து, முதல்ல இருந்து சொல்லு.”