உப்புப் போகக் கழுவிய பூ

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு பத்து. சமையலறையில் முதலில் கண்ணில் பட்டவை, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்த ஐந்து செர்ரிப் பூக்கள். மனைவி மூன்றாவது தடவையாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

மகள் மணக்க விரும்பிய ஜப்பானியப் பையனும் அவனுடைய தாயும் மூன்று மணிக்கு, சென் ஜேம்ஸ் ரவுணில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. முதற் சந்திப்பில் அந்தத் தாய் சம்மதம் என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. ஜப்பானியர் திருமணப் பேச்சில் தேநீரைக் கலங்கல், அபசகுனம் என்று தவிர்ப்பார்கள். உப்பில் பதமிட்ட செர்ரிப்பூவை வெந்நீரில் இட்டுக் கொடுப்பார்கள். இதை எப்படியோ அறிந்து, மனைவி அந்தப் பூவில் ஒரு பக்கற் வாங்கி வந்திருந்தாள்.

"அம்மா, உதை விடுங்கோ. அவையின்ர வீட்டிலயே ஒருத்தரும் இப்ப உது குடிக்கிறேல்லை. கோப்பிதான்," என்றாள் மகள்.

"அவை விட்டா விடட்டும். நான் விடமாட்டன்."

"அப்ப ஏன் உப்பிடிக் கழுவுறியள்? கருவாடோ?"

"நல்ல காரியத்துக்கு வாற ஆக்களுக்கு உப்புத் தண்ணியோ குடுக்கிறது?"

நான் ஒரு பூவை வெந்நீரில் இட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்போடு வாசனையும் போயிருந்தது. அதைச் சொன்னேன். மனைவி ஒவ்வொரு கப்பிலும் இரண்டு கரண்டி சீனி போட்டாள்.

மூன்று மணிக்கு மகனோடு வந்த தாய் ஒரு மிடறு குடித்துக் கப்பை இறக்கி வைத்தார். சீனியா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம்," என்றாள் மனைவி. மகள் நிலத்தைப் பார்த்தாள்.

அவர் பூப் பக்கற்றைக் கேட்டு வாங்கிச் சமையலறைக்குப் போனார். ஒரு பூவின் மேலுப்பை மட்டும் அலசி வெந்நீரில் இட்டார். பூ மெல்ல விரிந்தது. அவர் நீட்டிய கப்பை வாங்கி மனைவி ஒரு மிடறு விழுங்கினாள்.

"கடல் தண்ணி," என்றாள் எனக்கு மட்டும் கேட்க. மீதியையும் குடித்து முடித்தாள்.

தன் திருமணத்தில் கோப்பியும் கேக்கும்தான் இருந்தன என்றார் அவர். இந்தப் பூநீரைப் பற்றித் தன் தாய் சொல்லிக் கேட்டதுண்டு. இதுவரை யாரும் தனக்குத் தந்ததில்லை. பிறகு, கலியாணத்தன்று இதை யார் செய்வது என்று கேட்டார்.

மனைவி மகளின் பக்கம் திரும்பினாள். "நான்தான் செய்வன் எண்டு சொல்லு பிள்ளை. உப்போட."

அன்று மாலையே மகள் மிசிசாகாவில் கலியாண மண்டபம் பதிவு செய்தாள்.