நாலு ஓடுகள்

வலியசாலை அக்ரகாரத்தில் பட்டாபி குரல் உயர்த்திக் கேட்டவர்கள் கிடையாது. சர்க்கார் கச்சேரியில் நகல் எழுதும் வேலை. வீட்டில் அம்மா சொன்னதுதான் சட்டம். 1924 ஆடி மாத மழையில் அவர் மனைவி தர்மாம்பாளுக்கு இரண்டாவது பிரசவம் ஆயிற்று. வழக்கம்போல் ஜன்னலில்லாத உள் அறையில் படுக்க வைத்து, கரிக்கணப்பு மூட்டி, அம்மா துணைக்கிருந்து கதவைச் சாத்திக்கொண்டாள். முதல் குழந்தை அதே அறையில்தான் மூன்றாம் நாள் போயிற்று. சீதளம் என்றாள் அம்மா. புகைதான் என்று பட்டாபி நினைத்தார்; சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலை உள்ளேயிருந்து தர்மாம்பாளின் ஈனக்குரல் கேட்டது. "ஏன்னா, தலை சுத்தறது. குழந்தை பாலே குடிக்கலை."

"அம்மா, கதவைக் கொஞ்சம் திறயேன்."

"காத்து பட்டா ஜன்னி வந்துடும். தீட்டு அறைகிட்ட ஆம்பளைக்கு என்னடா வேலை? ஆபீசுக்குப் போ."

தீட்டு வாசலைத் தாண்ட அவருக்குத் துணிவில்லை. ஏணி வைத்துக் கூரையில் ஏறினார். அறைக்கு நேர்மேலே நாலு ஓடுகளைப் பெயர்த்தார். புகை குபுகுபுவென்று முகத்தில் அடித்து வெளியேறியது. மழை உள்ளே விழாதபடி ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்.

"என்ன ஓய், கச்சேரியைக் கூரைக்கு மாத்தியாச்சோ?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

பட்டாபி கீழே காதைக் கொடுத்திருந்தார். வெகுநேரம் கழித்துக் குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு அழுகை நின்றது. அவர் திறப்பின் வழியே குனிந்தார்; குடை சாய்ந்தது.

"குடிக்கறான்டா," என்றாள் அம்மா. "குடையைச் சாய்க்காதே, இங்கே சொட்டறது."