அக்கா கொடுத்த தீபாவளி இனாம்

பொன்னேரியில் எங்கள் தெருமுனையில் ஒரு பியூட்டி பார்லர் இருக்கிறது. ஒரே அறை, இரண்டு நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. அதை நடத்துபவள் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர் குடும்பத்துப் பெண். என்னைவிடச் சில வயது சின்னவள். கடை திறந்த புதிதில் முதலில் உள்ளே போனவர்களில் என் அக்காவும் ஒருத்தி. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

தீபாவளி இனாம் விஷயத்தில் அக்காவுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. தபால்காரர், குப்பை வண்டிக்கார அம்மா, பார்லர்க்காரி, யாராக இருந்தாலும் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். "அன்னிக்குக் காலைல குடுத்தா அத்த வெச்சி அவுங்க இன்னாத்த வாங்குவாங்க?" என்பாள். கவரில் போட்டு, இனிப்போடு, நேரில் கையில் கொடுக்க வேண்டும். சொந்தக் கடை வைத்திருப்பவளுக்கு எதற்கு இனாம், அதெல்லாம் சம்பளத்துக்கு இருப்பவர்களுக்குத்தானே என்று ஒருமுறை கேட்டேன். தன் தலையைத் தொட்டு வேலை செய்கிற கைக்குத்தான் கொடுப்பதாகவும் கடைக்குக் கொடுக்கவில்லை என்றும் சொன்னாள். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

போன ஆடி மாதம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் மல்லாந்தே கிடந்ததில், இடுப்பு வரை இருந்த முடி பின்தலையில் சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிட்டது. வீட்டுக்குக் கூட்டி வந்தபின் நான் சீப்பை வைத்தாலே வலியில் முனகுவாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மொட்டை அடித்துவிடச் சொன்னார்கள். என்னிடம்தான் சொன்னார்கள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் பார்லருக்குப் போய், வீட்டுக்கு வந்து முடியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை, கடைக்கு லீவு நாளில் வந்தாள். அக்காவின் பின்தலையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு முன்னால் வந்து குனிந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, வெட்டிடட்டுமா? இல்ல, சிக்கு எடுத்துப் பாக்கட்டுமா? நாழியாவும். வலிக்கும்."

அத்தனை வாரங்களில் அக்காவைப் பற்றிய ஒரு விஷயத்தை அக்காவிடமே கேட்ட முதல் ஆள் அவள்தான். அக்கா வாயைக் கோணிக்கொண்டு, "எடு" என்றாள்.

எண்ணெயைச் சூடாக்கித் தரச் சொன்னாள். அக்காவின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். பேசிக்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் அப்பாவின் வலையில் சிக்கல் எடுத்ததையும், நண்டு மாட்டிய இடத்தில் விரல் கிழிந்ததையும் சொன்னாள். அக்கா சிரிப்பது போல ஒரு சத்தம் எழுப்பினாள். வீட்டுக்கு வந்தபின் நான் கேட்ட முதல் சிரிப்பு. பொழுது சாய்ந்தும் வேலை முடியவில்லை. அடுத்த செவ்வாயும் வந்து முடித்தாள். ஒற்றைக் கையாலேயே சீவிக்கொள்ள வசதியாக இருக்கும் என்று சொல்லி, அக்கா சரியென்று தலையாட்டிய பிறகுதான் தோள் அளவுக்கு வெட்டினாள். வீட்டுக்கு வந்து செய்தால் வழக்கமாக என்ன வாங்குவாளோ அதை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

தீபாவளி நெருங்கியது. இந்த முறை அவளுக்கு என்ன செய்வது என்று ஆபீஸில் பேச்சுவாக்கில் கேட்டேன். கடைக்காரிக்குப் பணம் கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வாள், ஸ்வீட் பாக்ஸ் போதும் என்றாள் ஒருத்தி. போனிலேயே அனுப்பிவிடு, சங்கடமே இல்லை என்றாள் இன்னொருத்தி. வீட்டில் அக்காவிடம் சொன்னேன். போனில் என்றதும் தலையை வேகமாக ஆட்டி மறுத்தாள். அலமாரியைக் காட்டிக் கவர் எடுக்கச் சொன்னாள். புதுநோட்டுதான் வேண்டும் என்று என்னை பேங்குக்கு அனுப்பினாள்.

பண்டிகைக்கு முந்தைய வாரம் பார்லர்க்காரி அக்காவைத் தலைக்குக் குளிப்பாட்டிவிட வந்தாள். முடி காய்ந்து, சீவி முடித்ததும் அக்கா தலையணைக்கு அடியிலிருந்து கவரை எடுத்தாள். எடுத்தவள் கொடுக்காமல் தயங்கினாள். அவளால் நீட்ட முடிந்தது இடது கையை மட்டும்தான். நல்ல நாளும் அதுவுமாக இடது கையால் கொடுப்பதா என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. கவரை வலது விரல்களுக்குள் செருகப் பார்த்தாள். அது நழுவி மடியில் விழுந்தது. மறுபடி செருகினாள். மறுபடி விழுந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. நான் கொடுக்கலாம் என்று கை நீட்டினேன். என்னை ஒரு முறை முறைத்தாள்.

பார்லர்க்காரி சீப்பைக் கீழே வைத்துவிட்டு, அக்கா எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நானே நொட்டாங்கைக்காரிதான். கத்திரி புடிக்கிறது, சாப்புடறது எல்லாம் இந்தக் கைதான். எங்கம்மா எவ்ளோ அடிச்சிப் பாத்துச்சி, மாறல. சும்மா குடுங்க."

சொல்லிவிட்டுத் தன் இடது கையை நீட்டினாள். இத்தனை வருடம் அவளிடம் முடி வெட்டிக்கொண்டிருக்கிறேன், கண்ணாடியில் இடம் வலமாகவே பார்த்துப் பழகியதால் எனக்கு அது தெரிந்ததே இல்லை. அக்கா கவரைக் கொடுத்தாள். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரித்துப் பார்க்காமல் பையில் வைத்தாள். இதெல்லாம் எதற்கு என்று ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அக்கா மறுபடி நோயாளியாகியிருப்பாள். கொடுப்பதற்கு என்னென்னவோ முறை பேசினோம். வாங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் தபால்காரர் வந்தார். அக்கா என்னைக் கூப்பிடாமல், கட்டிலை ஒட்டிய ஜன்னல் வழியாக இடது கையை நீட்டி அவருக்குரிய கவரைக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பொங்கலுக்குப் பிறகு அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். இப்போது சாயங்காலங்களில் தெருமுனை வரை போகிறாள். முடி வெட்ட வேண்டியதே இல்லாத நாட்களிலும் பார்லரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, டீ குடித்து, வருகிறவர்களிடம் குழறிக் குழறிக் கதை பேசிவிட்டுத்தான் திரும்புகிறாள்.